மூடியைக் கழற்றிய மேற்பார்வையாளர்

சுனாமிக்கு அடுத்த வருடம் தன்னாமுனையில் ஒரு தச்சுப் பட்டறைக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். கடலோரத்தில் கட்டிய புது வீடுகளுக்குக் கதவும் யன்னலும் அங்கேதான் செய்தோம். அதற்கு முன் நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞன். மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெளிநாட்டு உதவியாக வந்த மரம் சீவும் மெசினோடு ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான் என்பதால் வேலை எனக்குக் கிடைத்தது.

அந்த மெசினில் இரண்டு மேசைகளுக்கு நடுவே ஓர் உருளை சுற்றும். உருளையில் மரத்தைச் சீவும் மூன்று அலகுகள், அவற்றின் மேல் ஒரு தகட்டு மூடி. பலகையைத் தள்ளினால் மூடி விலகி வழிவிடும். பலகை கடந்ததும் வில் அதைத் திரும்ப இழுத்து அலகை மறைத்துவிடும். கை உள்ளே போகாமல் காப்பது அந்த மூடிதான். புத்தகத்தில் அதற்கு மட்டும் நான்கு பக்கம் இருந்தது. நான்கையும் பட்டறையில் வேலை செய்த ஆறு பெண்களுக்கும் உரத்து வாசித்து, கரும்பலகையில் படமும் வரைந்தேன்.

ஐந்து பேர் குறிப்பெடுத்தார்கள். அலை வீட்டைக் கொண்டுபோன பிறகு பிள்ளைகளோடு முகாமில் இருந்து வந்துபோன ஒருத்தி மட்டும் மெசினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன், இந்த மூடி இறுகினா என்ன செய்யிற?”

“அது இறுகாது தங்கச்சி. வெளிநாட்டுச் சாமான்.”

மூன்றாம் மாதம் இறுகிவிட்டது. பிசினும் மரத்தூளும் சேர்ந்து வில்லைப் பிடித்திருந்தன. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்ட வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் மறுநாள் கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தார்கள். வரவேற்புரை எழுதும் அவசரத்தில் மூடியைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினேன். அலகுகள் மழுங்கியிருந்ததையும் அவள் சொன்னாள். அதையும் பிறகு பார்ப்போம் என்றேன்.

“மூடி இல்லாம எப்பிடி அண்ணன்?”

“அது பழகிறவங்களுக்குத்தான். பழகின ஆக்களுக்குத் தேவல்ல.”

“நீங்க எப்ப பழகினீங்க?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மறுநாள் விருந்தினர் முன்னால் ஒரு குட்டைப் பலகையைத் தள்ளினேன். பாதுகாப்பின் முக்கியத்துவம் பற்றிப் பேசிக்கொண்டே, அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். மழுங்கிய அலகில் மரம் துள்ளியது. முதலில் வலி தெரியவில்லை. மரத்தூள் சிவந்ததைத்தான் கண்டேன். மெசினை நிறுத்தி, என் கையைத் துணியால் சுற்றி, ஓட்டோவில் ஏற்றியது அவள்தான். வலக்கைச் சுட்டுவிரலின் நுனி போய்விட்டது. விருந்தினர் தேநீருக்கு நிற்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது மூடி கழுவி மாட்டப்பட்டிருந்தது. அதன்பிறகு மெசின் பராமரிப்பு எழுதாத சட்டமாக அவள் பொறுப்புக்குப் போனது. முதலில் மின் இணைப்பைக் கழற்றுவாள். அலகை மாற்றியதும் பின்மேசையில் ஒரு நேரான மரச்சட்டத்தை வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றுவாள். மூன்று அலகும் சட்டத்தை ஒரே அளவு நகர்த்தினால்தான் திருப்தி. புத்தகத்தை வாசிப்பதும் சட்டத்தைப் பிடிப்பதும் என் வேலை.

வெட்கத்தில் நான் ஊரில் பலருக்கு விரலில் ஷெல் துண்டு பட்டதாகச் சொல்லியிருந்தேன். அப்போது சண்டை திரும்பவும் தொடங்கியிருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

ஒருநாள் வாழைச்சேனையிலிருந்து வரும்போது இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அதிகாரி என் கையைப் பிடித்துப் பார்த்தார். துவக்குச் சுடுகிறவன் விசையில் வைக்கிற விரல். அவருக்குத் தமிழ் ஓரளவு வந்தது.

“இது எப்பிடி?”

“மெசின், சேர். மரம் சீவுற மெசின்.”

எனக்குப் பின்னால் நின்ற அயல்வீட்டுக்காரர் உதவி செய்ய நினைத்து, “பாவம் சேர், ஷெல் பட்டது” என்றார்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்த மெசினக் காட்டு” என்று என்னை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏற்றியவர்களில் எத்தனையோ பேர் வீடு வரவில்லை. வழியெல்லாம் மெசினின் பாகங்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். வேறு எந்த ஆதாரமும் என்னிடம் இருக்கவில்லை.

பட்டறை வாசலில் ஜீப் நின்றபோது அவள் அலகு துடைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி என் கையைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

“ஷெல்லும் இல்ல ஒண்டும் இல்ல சேர்” என்றாள். “இவர் மூடியக் கழட்டிப்போட்டு, பெரிய ஆக்களுக்கு மெசின் காட்டப் போய் விரலக் குடுத்தவர். நாங்க ஆறு பேரும் பாத்துக்கிட்டு நிண்டம்.”

அதிகாரி மூடியை விரலால் விலக்கி விட்டார். அது சட்டென்று திரும்பி வந்து மூடிக்கொண்டது.

“இத ஏன் கழட்டின?”

“இறுகியிருந்தது, சேர்.”

“கழுவ எவ்வளவு நேரம்?”

எனக்குத் தெரியவில்லை. “அரை மணித்தியாலம், சேர்” என்று அவள் சொன்னாள்.

அவர் பக்கத்தில் நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் “மோடயா” என்றார். மடையன் என்று அர்த்தம். சிப்பாய் சிரித்தான். ஜீப் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. என் வாழ்நாளில் வேறெந்தச் சொல்லும் எனக்கு இவ்வளவு நன்மை செய்ததில்லை.

சிரித்தபடி திரும்பிப் பார்த்தேன். அவள் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். துடைத்த அலகையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ட தம்பியையும் ஜீப்பிலதான் ஏத்தினவங்க” என்றாள்.

இத்தனை மாதமும் அவளுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. மெசினைப் பற்றி நான்கு பக்கம் வாசித்துக் காட்டிய நான் அவளிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். பின்னேரம் வரை சொன்னாள்.

சண்டை முடிந்ததாக வானொலியில் அறிவித்த நாளில் வீதியில் வெடி கொளுத்தினார்கள். பட்டறையில் அவள் வானொலியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அடுத்த வருடம் பட்டறையை மூடியபோது மெசினைப் பெண்களுக்கே கொடுத்தார்கள். நான் பழையபடி எழுதுவினைஞன் ஆனேன்.

அவள் இப்போது சொந்தமாகத் தளபாடம் செய்கிறாள். போன வருடம் ஓர் அலுமாரி செய்துதரச் சொன்னேன். நான்கு மாதம் காக்க வைத்தாள். கொண்டுவந்து இறக்கியபோது, உதவலாம் என்று ஒரு பக்கம் பிடித்தேன்.

“விடுங்க அண்ணன்” என்றாள். “நீங்க போய்க் கதவத் திறங்க, அது போதும்.”