ராக்கெட்டுக்கு மணி சுட்ட மேஸ்திரி

அர்ச்சுனன் மேஸ்திரி எந்தப் பீங்கானையும் முதலில் நாக்கால்தான் பார்ப்பார். கண்ணெல்லாம் அப்புறம். சட்டைப்பையில் கைவிட்டு, பட்டாணி அளவில் வெள்ளையாக இருக்கும் மணி ஒன்றை எடுப்பார். வேட்டி முனையில் இரண்டு தரம் துடைப்பார். துளையில் ஊதித் தூசி போக்குவார். பிறகு நாக்கின் நுனியை மட்டும் நீட்டி, மணியின் ஓரத்தில் ஒரு கணம் வைத்து எடுப்பார். நாக்கில் ஒட்டினால் வேகவில்லை, ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. சூளைக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான். மற்றவர்கள் அதைச் சூளையோடு விட்டுவிடுவார்கள். இவர் கல்யாண வீட்டில் காபி கொடுத்தாலும் கோப்பையைத் தூக்கி, அடியில் மெருகு படாத வட்டத்தை நாக்கால் தொட்டுப் பார்த்து, "வேவல" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் நான் கணக்கெழுதிய சின்னக் கம்பெனியில் அவர்தான் சூளை மேஸ்திரி. விருத்தாசலத்துக்கு மேற்கே உள்ள மங்களூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் களிமண் சுமக்க வந்தவர். முப்பத்திரண்டு வருஷத்தில் மண் மிதித்து, அச்சில் ஊற்றி, சூளைவாய்க்கு வந்து சேர்ந்திருந்தார். சூளைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து எத்தனை டிகிரி என்று சொல்வார். மீட்டர் வைத்துப் பார்த்தால் பத்து டிகிரிகூடத் தள்ளியிருக்காது. இந்த ஒரு வித்தையைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்து பெருமை பேசியதே இல்லை. பெருமை பேச அவரிடம் வேறொன்று இருந்தது. அது பொய்.

"நம்ம மணி ராக்கெட்டுல போவுது."

போகவில்லை. இஸ்திரிப்பெட்டியிலும் மின்சார அடுப்பிலும் சூடேறும் கம்பி ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, அதில் கோக்கிற மணி அது. மூட்டைகளின் மேல் விலாசம் எழுதுகிறவன் நான். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள எலக்ட்ரிக்கல் கடைகளைத் தவிர வேறு விலாசம் எழுதியதில்லை. எப்போதோ வந்த வியாபாரி ஒருவர், "இது தாங்குற சூட்டுக்கு ராக்கெட்டுக்கே போடலாம்யா" என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பஸ் ஏறிய மறுநாளே மேஸ்திரி ராக்கெட்டுக்குப் போட்டுவிட்டார். டீக்கடை டிவியில் ராக்கெட் கிளம்புவதைக் காட்டினால் எழுந்து நின்று, "அந்தத் தீக்குள்ள யாரு நிக்கிறா? நம்மதான்" என்பார். இரண்டாயிரத்து ஆறில் ஒரு ராக்கெட் கடலில் விழுந்தது. அன்று முழுக்க எஸ்டேட்டில் பார்த்தவர்களிடமெல்லாம், "அது நம்ம லோடு இல்ல" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

இந்தப் பொய் அவர் மகள் வேல்விழியின் கல்யாணம்வரை வந்துவிட்டது. அவளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு இடம் வந்து, "சூளைக்காரன் வூடு" என்று தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகத் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தவர் நல்லூர்க் கலியமூர்த்தி. பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பி விவசாயம் பார்க்கிறார் என்று சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று மேஸ்திரி அவர் உள்ளங்கையில் நாலைந்து மணியைக் கொட்டி ராக்கெட் கதையைச் சொன்னார். கலியமூர்த்தி ஒரு மணியை விரலிடுக்கில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார். மகன் அன்புச்செல்வனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. தை மாதக் கடைசி வெள்ளியில் தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின வாரம் எங்கள் கம்பெனி டூர். இரண்டாயிரத்து ஏழு. ஒரு வேன், மேலே அண்டாவும் அடுப்பும், உள்ளே இருபத்திரண்டு பேர். திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று திட்டம். கலியமூர்த்தி, "நான் கன்னியாகுமரி பாத்ததில்ல, நானும் வரேன்" என்று ஏறிக்கொண்டார். வருங்காலச் சம்பந்தி ஏறினால் வேண்டாம் என்று யார் சொல்வது? மேஸ்திரியின் மனைவி ராஜாம்பாளுக்கு விருத்தாசலம் தாண்டுமுன்பே புருஷன் வாயை நினைத்து முகம் சுண்டிவிட்டது.

இரண்டாம் நாள் காலை, திருநெல்வேலி தாண்டியதும், டிரைவர் பக்கிரி சும்மா இருக்காமல் கையை நீட்டினான்.

"அதோ மலை தெரியுதுல்ல? அங்கதான் ராக்கெட்டு எஞ்சினக் கட்டிப்போட்டு எரிச்சுப் பாக்குறாங்களாம்."

பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற ரோசி பின்சீட்டிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ஐயையோ, நம்ம மேஸ்திரி எடமா! வண்டிய வுடு பக்கிரி. மாமியா வூட்டுக்கு இவ்ளோ கிட்ட வந்துட்டு எட்டிப் பாக்காம போனா தப்பு."

"அங்கெல்லாம் வுடமாட்டாங்க ரோசி" என்றார் மேஸ்திரி.

"நம்மளதான வுடமாட்டாங்க? உங்கள வுடுவாங்கல்ல?"

வேன் சிரித்தது. கலியமூர்த்தி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் ஒரு வார்த்தை சொல்லி நான் வண்டியைத் திருப்பியிருக்கலாம். சொல்லவில்லை. மேஸ்திரி அசடு வழிவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

காவல்கிணற்றில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றோம். உலகத்தையே தாண்டிப் போகிற எஞ்சின்களின் ஊர் என்று பேர். பார்த்தால் சிவந்த தேரிமண், உடைமுள், வெயில், கூரை பறக்காமல் கல் வைத்த ஒரு டீக்கடை. சுற்றிலும் காற்றாலைகள், வேலையில்லாதவன் கை வீசுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீளமான மதில், இரும்புக் கேட், காக்கி உடுப்பில் ஒரு காவலர். மலை எங்கோ தள்ளி, எதுவும் தெரியாததுபோல் நின்றது.

எல்லோரும் டீக்கடை நிழலில் நின்றுகொண்டு மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் வேன் கண்ணாடியில் தலை சீவினார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் வா. இங்கிலீஷு எதுனா பேசுவாங்க" என்றார். ராஜாம்பாள் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொளஞ்சியப்பர் சாமியிலிருந்து ஆரம்பித்து வழியில் தெரிந்த அத்தனை சாமியையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ரோட்டைக் கடக்கும்போது இன்னும் ஒரு பொய் தயாராகிறது என்றுதான் நினைத்தேன். கேட்டுக்கு நாலடி முன்னால் நின்று அவர் கும்பிட்டார்.

"என்ன வேணும்? கடிதம் இருக்கா?" என்றார் காவலர். தெற்கத்தித் தமிழ்.

"உள்ள போவ வேணாங்க" என்றார் மேஸ்திரி. குரல் தழைந்திருந்தது. "ரெண்டே நிமிஷம் எங்கூட பேசுற மாதிரி நில்லுங்க. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

"எதுக்கு?"

"அங்க எங்க சம்பந்தி பாக்குறாருங்க. பொண்ணு கல்யாணம்."

காவலர் என்னைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்தேன். பதினோரு வருஷம் ராக்கெட் விட்டவர் கடைசியில் கேட்டது ஒரு தலையாட்டல். எனக்கு அருவருப்பாக இருந்தது. பொய்யனாக இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறவன் மேல் கொஞ்சம் மரியாதை வரும். இவர் அதையும் மிச்சம் வைக்கவில்லை.

"வெளாடுதீரா? வண்டியில ஏறும்யா" என்று காவலர் கையை வீசினார். வீசிய கை ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை தெரிந்திருக்கும். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். திரும்பினால், கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தபடி ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். மேஸ்திரியின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"என்னா சார், வுடமாட்டீங்களா?" என்றார் கலியமூர்த்தி.

"யாரா இருந்தாலும் கடுதாசி இல்லாம உள்ள விட முடியாது."

"யாரா இருந்தாலுமா?"

"ஆமா."

கலியமூர்த்தி திரும்பி, டீக்கடைவரை கேட்கிற குரலில் சொன்னார்: "பாத்தீங்களா சம்பந்தி? பொருளு குடுக்குறவங்களையே வாசல்ல நிக்கவக்கிறாங்கன்னா உள்ள எம்மாங் கட்டுக்காவலு இருக்கும்! அதான் நாட்டோட ரகசியம். வாங்க, டீ ஆறிடும்."

அவர் 'சம்பந்தி' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். ரோசி தன் டீயோடு வேனுக்குள் போய்விட்டாள். டீ கைக்கு வந்ததும் மேஸ்திரிக்கு உயிர் வந்தது. பாதி டம்ளருக்குள், "நம்மளத் தெரியுதுன்னுதான் சொன்னாரு. ஆனா ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குதுல்ல சம்பந்தி?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"இருக்குது, இருக்குது" என்றார் கலியமூர்த்தி.

கன்னியாகுமரி போய்ச் சேரும்வரை நான் அந்த இருவரையும் பற்றி யோசித்தேன். ஒருவர் வாய்கூசாமல் புளுகுகிறார். இன்னொருவர், கண்ணெதிரே புளுகு உடைந்து விழுந்தும், அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்தவராம்! இந்த மூளையை வைத்துக்கொண்டு என்ன கம்பெனியில் என்ன வேலை பார்த்தாரோ என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றினார்கள். மாசியில் கல்யாணம். மண்டபத்தில் மேஸ்திரி நல்லூர்க்காரர்களை உட்காரவைத்து ராக்கெட் விட்டார். கலியமூர்த்தி பக்கத்தில் இருந்து, "நான் நேர்ல போயி பாத்தேன், கேட்டுவரைக்கும்" என்று சாட்சி சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து அன்புச்செல்வனோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சும்மா பேச்சுக்கு, "உங்கப்பா பெங்களூர்ல எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டேன்.

"கம்பெனியா? அப்பா அப்படியா சொல்லி வச்சிருக்காரு?" என்று சிரித்தார். "சிவாஜி நகர் சந்துல கடைங்க. இஸ்திரிப்பொட்டி, ஹீட்டரு ரிப்பேரு. பதினேழு வருஷம். அம்மா கம்பியில மணி கோத்துக் குடுக்கும், அப்பா மாட்டுவாரு. மணி விருத்தாசலத்துலேருந்துதான் மூட்டையா வரும்."