ஸ்டீபன் அண்ணன் வேண்டாமென்ற ட்ரெய்லர்

போன செவ்வாய்க்கிழமை காலை, பட்டறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் அண்ணனின் மனைவி செல்வியிடமிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, அவரு போய்ட்டாருக்கா" என்றாள். பதினோரு நாளாக ஆஸ்பத்திரி வாசலில் நானும் அவளும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். அன்று காலைதான் உடை மாற்றிக்கொண்டு திரும்பலாமென்று மாமல்லபுரம் வந்திருந்தேன். குழாயை மூட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீபன் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். பூஞ்சேரி பக்கம் ஒரு சின்ன ஷெட்டில், வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டுவதற்கான ஹிட்ச் பொருத்துகிறவர். கடற்கரைப் படகுகளும் எங்கள் கற்சிலைகளும் அவர் மாட்டிய ஹிட்ச்சை நம்பித்தான் ஊர் போய்ச் சேர்ந்தன. கணவர் இறந்தபின் சிற்பப் பட்டறையை நான் நடத்தத் தொடங்கிய நாட்களில், ஒரு பழைய ட்ரெய்லரை வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். நல்ல ஹிட்சாகப் போடச் சொன்னேன்.

"நல்லது கெட்டது அப்புறம். இன்னா வெயிட்டு?"

"சிலை ஒரு டன் இருக்கும்ணா."

"சிலைய மட்டும் சொல்ற. ட்ரெய்லரு இன்னா, காத்துலயா கீது?"

அப்படியே எடை மேடைக்கு அழைத்துப் போனார். மொத்தத்தையும் எடை போட்டார். பிறகு ஹிட்ச்சின் மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தனியாகப் பார்த்தார். அது குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும், கூடினால் வண்டியின் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும் என்றார். நான் ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்த பளபளப்பான ஹிட்ச்சை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கனமான ஒன்றை மாட்டினார். "வண்டி, ஹிட்சு, அதுமேல கீற உருண்டை, சங்கிலி. நாலுல எது வீக்கோ, அவ்ளோதான் நீ இழுக்க முடியும்" என்றார்.

ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் பிரேக் வைத்து, அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் கன்ட்ரோலர் வேண்டும் என்றதும் அவர்தான். நான் மலிவாக ஒன்றை வரவழைத்தேன். எப்படி நிறுத்தினாலும் ஒரே வேகத்தில் அழுத்தம் கூட்டுகிற வகை அது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது டைம் பாத்துப் புடிக்கும்மா. ரோட்டுல எருமை டைம் பாத்தா வருது? வண்டி எவ்ளோ அவசரமா நிக்குதோ, ட்ரெய்லரும் அவ்ளோ அவசரமா நிக்கணும்." அப்படிப்பட்டதையே தேடி வாங்கிப் பொருத்தினார். ஒவ்வொரு சிலை ஏற்றும்போதும் வந்து, எடைக்கேற்ப அதைத் திருத்தி வைத்துவிட்டுத்தான் போவார்.

போன மாதம் அந்த கன்ட்ரோலர் எரிந்துபோனது; என் ட்ரெய்லரும் பிரேக் கழற்றிய நிலையில் அண்ணன் ஷெட்டில் கிடந்தது. புதிய கன்ட்ரோலர் வர நாலு நாளாகும். கூடுவாஞ்சேரிக் கோயிலுக்கு ஒன்றரை டன் நந்தி மறுநாளே போயாக வேண்டும். கோயில் சந்துக்குள் லாரி நுழையாது. அந்த வேலை கைவிட்டுப் போனால் என் பட்டறையில் ஆறு பேருக்கு உளி எடுக்க வேலையில்லை. பிரேக்கே இல்லாத ஒரு ட்ரெய்லரை வாடகைக்குப் பிடித்துவிட்டு, மாட்டி ஓட்டித் தரச் சொல்லி அண்ணனை அழைத்தேன்.

"வேணாம்மா. நாலு நாளு பொறு."

"நாலு நாள் எங்கிட்ட இல்லண்ணா. வேற டிரைவர பாத்துக்கறேன்."

"எவன் கையிலயும் குடுத்துடாத. நானே வரேன்" என்றார்.

திருக்கழுக்குன்றம் தாண்டிய ஓர் இறக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே திரும்பியது. பின்னால் ஆட்டோவில் வந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கப் பார்த்தது, பின்னாலிருந்த கல் நிற்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்த ட்ரெய்லரோடு வண்டியை ஸ்கூட்டரிலிருந்து விலக்கிப் புளியமரத்தின் பக்கம் ஒடித்தார்; வண்டி மரத்தில் மோதி நசுங்கியது.

நாலாம் நாள் ஒருமுறை கண் திறந்தார். "ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சே?" என்றார். "ஒரு கீறல் இல்லண்ணா" என்றேன். பிறகு பேசவில்லை. நான் தெரிந்த தெய்வம் தெரியாத தெய்வம் எல்லாவற்றிடமும் கெஞ்சினேன். மாதா படத்துக்கு முன்னால் விழுந்து, பட்டறையையே மூடிவிடுகிறேன் என்றேன். பிழைப்பாரா என்ற ஒரே கேள்வியை நான் கேட்டுக் கேட்டு, என்னைக் கண்டாலே நர்ஸ் வேறு பக்கம் நடக்கத் தொடங்கினார்.

கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒருவர் சொன்னார்: "ஊருக்கெல்லாம் பிரேக்கு மாட்னவன், தனக்கு மாட்டாம போய்ட்டான் பாரு." பக்கத்தில் நின்ற பலர் தலையாட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் செல்வியின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலை விலக்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்க்கா. கெளம்பறப்பவே சொல்ட்டுதான் போனாரு. ஊருக்குத்தான் தெரியாது."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்டீபன் அண்ணன் அசட்டையாக இருந்து சாகவில்லை. ஆபத்தென்று தெரிந்தே, வேறொருவன் அதில் ஏறக் கூடாதென்று தான் ஏறினார். ஏற வைத்தவள் நான். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்வது அவர் மேல் விழுந்த இந்தப் பழி ஒன்றைத்தான். இனி யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், என் பெயரைச் சொல்லுங்கள்.