ஏலக்காய் வாசத்தை நம்பிய சனிக்கிழமை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போய்விட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். சாராயக்கடைகளைத் திரும்பத் திறந்திருந்தார்கள். போடியில் இளவட்டங்களைக் குடியிலிருந்து மீட்க ஒரு சின்னச் சங்கம் இருந்தது. அதில் எனக்குத் தெருவேலை. சனிக்கிழமை மதியம் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கும். ஸ்டாண்டில் மோர்ப்பானையோடு நின்று, இறங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கடைப் பக்கம் போகாமல் வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். எனக்கோ ஆம்பளைகளிடம் பேச நாக்கு எழாது. முதல் நாள் முழுக்க மோரை மட்டும் ஊற்றினேன். "அக்காவுக்குப் பேச்சு வராதோ?" என்று ஒருவன் கேட்டான். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

வாய்க்குப் பதில் மூக்கை நம்பினேன். குடித்தவர்கள் வாடை தெரியாமலிருக்க ஏலக்காயை மென்றுகொண்டு வருவார்கள். மலையில் அதற்கா பஞ்சம்? காய் வாசமும் சிவந்த கண்ணும் சேர்ந்திருந்தால் ஆள் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவேன்.

பாண்டி என்று ஒரு கிளீனர். லைசென்ஸ் எடுத்தும் குடியால் வண்டி கைக்கு வரவில்லை. சங்கத்துக்கு வந்து, குடியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜீப் ஓனர் சுருளி அண்ணன் என்னைக் காட்டி, "அந்தம்மா சரின்னு சொல்லட்டும், சனிக்கிழமை சாவியக் குடுத்துர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பாண்டி ஜீப்பிலிருந்து குதித்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். பக்கத்தில் வந்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம். சுருளி அண்ணன் தூரத்திலிருந்து புருவத்தைத் தூக்கினார். 'இல்லை' என்று தலையாட்டிவிட்டேன்.

பாண்டி அதைப் பார்த்துவிட்டான். "நீங்களே குடிச்சேன்னுட்டீகல்ல? அப்பக் குடிச்சுட்டே வர்றேன்" என்று விறுவிறுவென்று சாராயக்கடைப் பக்கம் நடந்தான்.

அதே ஜீப்பில் வந்த பேச்சியம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏக்கா, உனக்குக் கூறு இருக்கா? காய் ஒணத்துற ஸ்டோர்ல ஆளில்லைன்னு மூணு நாளா அவந்தேன் அடுப்புக்கு வெறகு தள்ளுனான். பொகை கண்ணப் பிடுங்கிருச்சு. இந்தா, அங்கன காய் அள்ளுன என்னையும் மோந்து பாரு!"

மோந்து பார்த்தேன். அதே வாசம்.

பானையை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பெண்பிள்ளைகள் எட்டிப் பார்க்காத கடை. பாண்டி பெஞ்சியில் கிளாசைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். இன்னும் வாயில் வைக்கவில்லை.

"ஏலே பாண்டி! தப்பு எம்மேலடா! நீ குடிக்கல! எந்திரிச்சு வெளிய வாடா!"

கடையே திரும்பிப் பார்த்தது. "ஆத்தாடி, மோர்க்காரம்மாவுக்கு இம்புட்டுத் தொண்டையா! மாப்ளே, போயிருடா, அடுத்து நம்மளத்தேன் கூப்பிடும்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரிக்க, பாண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

சுருளி அண்ணனிடம் அவனைக் கூட்டிப்போய், நடந்ததை ஸ்டாண்டே கேட்கச் சொன்னேன். அவர் சாவியை நீட்டினார். "மொத நடைக்கு நீயும் ஏறும்மா. உன் வாக்க நம்பித்தேன் வண்டியக் குடுக்கேன்."

மறுவாரம் முன்சீட்டில் போடிமெட்டு வரைக்கும் போனேன். பாண்டி அலுங்காமல்தான் ஓட்டினான். ஆனாலும் அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கு என் தலை தாங்கவில்லை. இறங்கியதும் இரண்டு எட்டு தள்ளாடினேன். "அண்ணே, நான் நெதானமாத்தேன் இருக்கேன், அக்காவத்தேன் பிடிக்கணும்!" என்று பாண்டி அங்கே நின்றவர்களைப் பார்த்துக் கூவினான். மெட்டே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இந்தச் சோலிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மோந்து பார்த்து முடிவு கட்டாதீர்கள். "எங்க இருந்து வர்றே, என்ன வேலை பார்த்தே?" என்று முதலில் கேளுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்ததால் ஒருத்தனைக் கடைக்கு அனுப்பப் பார்த்தேன்.

ஸ்டோர் விவரம் சொன்னவள் பெயர் பேச்சியம்மாதானா, பேச்சியக்காளா என்று ஒரு சந்தேகம். சிலமலைக்காரி. அந்த ஊர்க்காரர்கள் யாராவது விசாரித்துச் சரியான பெயரைப் போட்டுவிடுங்கள். அன்றைக்குப் பாண்டியை மீட்டது அவள்தான்.