குத்துப்படாமல் தப்பிய விரல்

ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் கருவி செய்கிறவர்களைப் போல ஊரில் வேறு யாரும் ஊசி குத்துவதில்லை. ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெயரில் எங்கேயாவது குப்பை கொட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். முடி கனத்தில் கண்ணாடி இழைகள்; ஆப்டிகல் ஃபைபர் என்பார்கள். ஒரு கட்டு இழை விரலுக்குள் வெளிச்சத்தை அனுப்பும். இன்னொரு கட்டு, திரும்பி வருவதை வாங்கி வரும். அதை வைத்து ஒரு பெட்டி ரத்தச் சர்க்கரையைச் சொல்லும். சொன்னது சரியா என்று பார்க்க, அதே விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, வழக்கமான மீட்டரில் வைத்து ஒப்பிட வேண்டும். வருஷக் கடைசியில், பணம் ஒதுக்கும் கமிட்டி வரும். கருவி தேறினால் எனக்கு இன்னொரு வருஷம் சம்பளம். தேறாவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மாமியின் நியாயம்

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் முகாம் போட்டோம். 'ஊசியில்லாப் பரிசோதனை' என்று வாசலில் எழுதியதைப் பார்த்து முதலில் வந்தவர் ஒரு மாமி. வெளிச்சத்தில் விரலை வைத்து, "அட, வலிக்கவே இல்லையே" என்று பூரித்துப்போனார். அடுத்த நிமிஷம் நான் ஊசியை எடுத்தேன். மாமி என்னையும் வாசல் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குத்திக்கறதுன்னா எங்காத்துக்கு எதிர்லயே டாக்டர் இருக்காரேடிம்மா. அவர் குத்திட்டு மருந்தாவது குடுப்பார்."

விரலுக்கு மரியாதை

வெளி வெளிச்சம் துளி பட்டாலும் எங்கள் பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிடும். அதனால் விரலை மூட ஒரு கறுப்புத் துணி கொண்டுபோவேன். தி.நகரில் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கறுப்புத் துணியை உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார் வீட்டுக்கார அம்மா. பதிலுக்கு ஓர் அரக்குப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து கணவரின் கையில் போர்த்தினார்.

பட்டு வழியாக ஜன்னல் வெளிச்சம் தாராளமாக உள்ளே போயிற்று. பெட்டி அறுநூறைத் தாண்டியது. அவ்வளவு சர்க்கரை இருந்தால் மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். அவரோ பேப்பர் படித்தபடி காபி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவர், பட்டு போர்த்திய தன் கையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்:

"ரிடையர் ஆன அன்னைக்குக்கூட ஆபீஸ்ல எனக்குப் பொன்னாடை போர்த்தலைம்மா."

ஐஸ் பெட்டிக் கை

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மாவின் கை ஐஸில் அளைந்து சில்லிட்டிருந்தது. குளிர்ந்த விரலில் ரத்தம் சரியாக ஓடாது. பெட்டி வாயே திறக்கவில்லை. டீ கிளாஸைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கை சூடானதும் பெட்டி, சர்க்கரை வியாதியே இல்லை என்றது. ஊசியால் குத்திப் பார்த்தால் மீட்டர் முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. மறுபடி குத்தினேன், அதேதான். காலில் ஆறாத புண் வேறு இருந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து அன்றைக்கே அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

புண் ஆறியபின் ஒருநாள் கடற்கரைப் பக்கம் பார்த்தபோது கூப்பிட்டு நிறுத்தினார்.

"உன் லைட்டு நான் நல்லா கீறேன்னு சொல்லிச்சு, ஊசிதாம்மா உண்மைய சொல்லிச்சு. லைட்ட கடாசிட்டு ஊசிய வெச்சிக்கோ."

கமிட்டி

அந்த வார்த்தை மனதில் உறுத்த, கமிட்டி முன்னால் போய் நின்றேன். தலைவர் ஆஜானுபாகுவான மனிதர், அவரே சர்க்கரைக்காரர். நானே விரலை வைக்கிறேன் என்றார். பெட்டி நூற்றிரண்டு என்றது. எந்தச் சர்க்கரைக்காரருக்கும் இனிக்கும் எண். எனக்கு நம்பிக்கை இல்லை. "சரிபார்க்க ஒரு சொட்டுதான் சார்" என்று ஊசியை எடுத்தேன். அவர் கை சட்டென்று மேஜைக்கு அடியில் போய்விட்டது. எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை.

"இவ்வளவு நல்ல நம்பரை எதுக்கும்மா ரத்தம் எடுத்துக் கெடுக்கணும்? இன்னும் ஒரு வருஷம் குடுத்துடலாம்."

ஆக, குத்துப்பட்ட விரல் எங்கள் கருவியைப் பொய்யாக்கியது. குத்துப்படாமல் மேஜைக்கு அடியில் தப்பிய விரல்தான் என் சம்பளத்தைக் காப்பாற்றி, வரவிருந்த மாப்பிள்ளையையும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டது.