பதினொன்றுக்கு அடங்காத 5040

எங்கள் ஊர் மெல்பரியில் கசாப்புக் கடை வைத்திருக்கும் டார்க்கஸ் பாப்ஜாய்க்கு ஓர் எண்ணின் மேல் பைத்தியம். 5040. ஒன்று முதல் ஏழு வரை வரிசையாகப் பெருக்கினால் வருவது. ஏழு மணிகளை எத்தனை விதமாக மாற்றி மாற்றி அடிக்கலாமோ அத்தனை வரிசை. தேவாலயக் கோபுரத்தில் ஆளுக்கொரு கயிறு பிடித்து எல்லாவற்றையும் அடித்து முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும். ஒரு வரிசை இரண்டாம் முறை வந்தாலும் அவ்வளவும் பாழ். நான் அடிப்பது எட்டாவது, பெரிய மணி. ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் ஓர் அடி. அதற்கு மூளை வேண்டாம், முதுகு போதும்.

"ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எதால வேணா வகுத்துப் பாருங்க, மிச்சமே வைக்காது. இப்படி ஒரு தங்கமான நம்பர் உண்டா?" என்று சாசேஜை எடை போட்டபடியே கேட்பாள். வாங்க வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு நழுவுவார்கள்.

பதினொன்றைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. 5040 வகுபடாமல் முதலில் முரண்டு பிடிப்பது அதனிடம்தான். அவள் மேல் ஆசை வைத்த ஆம்ப்ரோஸோ ஊர் கிரிக்கெட் அணியின் தலைவன். மூன்றாம் மணி அவனுடையது. அவன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "பதினோரு பேரக் கட்டி மேய்க்கிறவனுக்கு நான் எதுக்கு? முதல்ல 5040ஐ ஒழுங்கா அடிச்சுக் குடு. அப்புறம் பதில் சொல்றேன்," என்றுவிட்டாள்.

முழுதும் அடித்தவர்களின் பெயரைக் கோபுரச் சுவரில் பலகையில் எழுதி மாட்டுவோம். அடிப்பவர்களை வழிநடத்தியவர் என்று ஒரு பெண்ணின் பெயர் அங்கே கிடையாது. டார்க்கஸுக்கு அந்த இடம் வேண்டும். முன்பு முயன்றபோதெல்லாம் பாதியில் குழம்பி நின்றுபோனோம். இந்த முறை குறித்த சனிக்கிழமையில் பக்கத்து ஊரோடு கிரிக்கெட் ஆட்டம். ஆம்ப்ரோஸ் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்க வந்தான். அவன் அணி கேவலமாகத் தோற்றது.

நாங்கள் கடைசி வரிசை வரை அடித்து முடித்தோம். "நிறுத்துங்க," என்றாள் டார்க்கஸ். எனக்கு மனக்கண்ணில் பீர் நுரைத்தது.

"டார்க்கஸ்," என்றான் ஆம்ப்ரோஸ், கயிற்றை விடாமல். "நடுவுல நானும் பெர்சியும் வரிசையில ஒருத்தர் இடத்துல ஒருத்தர் அடிச்சிட்டோம். கொஞ்ச நேரத்துல திரும்ப மாறிக்கிட்டோம். ஆனா அதுக்குள்ள அடிச்ச வரிசையெல்லாம்..."

"ரெண்டு தடவ வந்திருக்கும்," என்றாள் அவள். ஐந்தாம் மணி அடிக்கும் ரொட்டிக்கடை பெர்சி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்த மடையனைப் படியில் உருட்டிவிடலாமா என்றிருந்தது எனக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் பலகையும் கிடைத்திருக்கும், பெண்ணும் கிடைத்திருப்பாள். டார்க்கஸ் இறங்கிப் போனாள்.

மதுக்கடையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. திடீரென்று கூப்பிட்டாள்.

"ஆம்ப்ரோஸ், 5040ஐ பதினொண்ணால வகு."

அவன் உதட்டை அசைத்து அசைத்துக் கணக்குப் போட்டான். "நானூத்தி அம்பத்தெட்டு. மீதி ரெண்டு."

"அந்த ரெண்டுதான் இத்தன வருஷமா என் கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு உறுத்தல. மிச்சத்த மறைக்காம சொல்ற ஆளு கிடைச்சுட்டான்," என்றாள். "உக்காரு. ரெண்டு பேருக்கும் சாசேஜ் சொல்லு. என் கடையோடதுதான்."

அடுத்த வசந்தத்தில் பெர்சிக்குப் பதில் வேறோர் ஆளை வைத்து மறுபடி அடித்தோம். பலகையில் இப்போது ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. அதை மட்டும் டார்க்கஸ் தப்பென்று சொல்லவில்லை.