ஏனாத்தூர் ரோட்டில் மூச்சுக்குப் பேரம்

ஒரு ஆள் மூச்சுக்கு விலை, பத்திரமாக வீடு திரும்புவது. என்னிடமே நேரில் சொன்ன விலை இது. நான் பட்டுக்கடைக்காரன். தொழிலில் நாலு பொய் சொல்வேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அதனால் நம்பலாம்.

போன மார்கழி. அரை மாரத்தானுக்காக நானும் சத்யராஜும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தோம். சத்யராஜ் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ டிரைவர். ஓட்டத்தில் என்னைவிட மெது. அன்றும் அரை கிலோமீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

ஓடும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். தத்துவமெல்லாம் இல்லை. பேரம்தான். "அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஓடு, அப்புறம் நடக்கலாம்" என்பேன் காலிடம். அது வந்ததும் அடுத்த புளியமரத்தைக் காட்டுவேன். கால் பாவம், தினமும் ஏமாறும்.

விடியற்காலை நாலு ஐம்பது. ஏனாத்தூர் ரோடு. இரண்டு பக்கமும் வயல். பனி.

இடது காதோரம் யாருக்கோ மூச்சிரைத்தது.

சத்யராஜ் பிடித்துவிட்டார் என்று திரும்பினேன். யாருமில்லை. அவர் நெற்றி விளக்கு தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஹஹ்... ஹஹ்... ஹஹ்...

காலடிச் சத்தம் இல்லை. நான் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது.

"மூச்சு குடுப்பா."

நான் செய்த தப்பு இதுதான். காலையில் முதல் ஆளாக வந்து கேட்பவரை வெறுங்கையோடு அனுப்பினால் போனி கெட்டுவிடும் என்று சொல்லி வளர்த்த வீடு. இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"எவ்ளோ வேணும்?"

"முழுசா."

"என்ன குடுப்பே?"

"பத்திரமா வீட்டுக்குப் போவே."

நெஞ்சு அடைத்தது. காற்று உள்ளே போகவில்லை... எடுக்க ஆரம்பித்துவிட்டது.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"வீடு என்னுது. காலும் என்னுது. என் சரக்கை எனக்கே விக்கிறியா? வேற கடை பாரு."

சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது.

வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினேன்.

நிற்கவில்லை.

டீக்கடை விளக்கு...

மூச்சுச் சத்தம் விலகியது. பின்பக்கமாகப் போனது.

ஐந்து நிமிடம் கழித்து சத்யராஜ் டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். வியர்வையே இல்லை.

"உன்கிட்ட ஏதாவது கேட்டுதா?"

"கேட்டுதுண்ணா. குடுத்துட்டேன்."

"பேரம் பேசாமலா?"

"யாரு கை காட்டினாலும் நிறுத்தியே பழக்கம். நீங்கதான் அனுப்பினீங்கன்னு வேற சொல்லுச்சு."

இரண்டு வாரம் கழித்து, ஓட்டத்துக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போனோம். டாக்டர் சுகாசினி சத்யராஜ் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"மூச்சை இழுத்து விடுங்க."

மூன்று முறை சொன்னார்.

"இழுத்துக்கினுதாம்மா இருக்கேன்" என்றார் சத்யராஜ்.

டாக்டர் வேறு ஸ்டெதாஸ்கோப் எடுத்து வந்தார். அதிலும் எதுவும் கேட்கவில்லை.

அந்த ரோட்டை விடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. விடமாட்டேன். அது மறுபடி வரட்டும். சத்யராஜின் மூச்சைத் திருப்பி வைக்காமல் என்னைத் தாண்டிப் போய்விடுமா, பார்த்துவிடலாம்.

இன்று காலையும் ஓடினோம். ஆள் இரண்டு. காலடி நாலு. மூச்சு ஒன்று.

ஒன்று பாக்கி.