சாக்குத் திரைக்குப் பின்னால் மாமல்லபுரம்

எட்டாவது வரை படித்தவள் நான். கடிதம் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் என் வீட்டு விஷயத்தைக் கொண்டுவந்து வைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத வைத்தது என் தையல் பெட்டியில் கிடக்கும் ஒரு பச்சைக் கோலி. ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி தெரியும். போன வாரம் ஊசி தேடும்போது அது விரலில் தட்டுப்பட்டது. கையில் எடுத்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது, காது மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. இத்தனை வருஷம் ஆகியும் இப்படி.

அது என் மச்சியுடைய கோலி. கணவரின் அக்காவை எங்கள் வீடுகளில் மச்சி என்போம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தேன். ஆறே மாதத்தில் கணவர் பினாங்கில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது மச்சியும் நானும். மச்சியின் கணவர் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனவர். அங்கே இவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஸ்டேஷன் அறை. நாலு வருஷம் குழம்பைக் கிளறிக்கொண்டே, எந்த மணிக்கு என்ன அர்த்தம், எந்தக் கொடி எப்போது ஆடும் என்று எல்லாவற்றையும் மச்சி மனப்பாடம் செய்திருந்தார். பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர், பின்கட்டில் காலியாகக் கிடந்த சரக்கறையில் தானே ஒரு ரயில் பாதை போட்டார்.

பெட்டிப் பலகைகளை பெஞ்சுகள் மேல் வரிசையாகப் பரப்பி, பதினோரு முழ நீளத்துக்குப் பாதை. தண்டவாளம் பழைய குடைக் கம்பி. அதன் கீழே குறுக்குக் கட்டைகளாகத் தீக்குச்சிகள், ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில். மதராஸிலிருந்து வாங்கி வந்த சாவி கொடுக்கும் என்ஜின் ஒன்று. பெட்டிகள் பிஸ்கட் தகரத்தை வெட்டி அவரே மடக்கியவை. ஒரு முனையில் செங்கல்பட்டு. உடைந்த கண்ணாடித் துண்டுதான் கொளவாய் ஏரி. நடுவில் திருக்கழுக்குன்ற மலைக்கு ஒரு கருங்கல். மறுமுனையில் மாமல்லபுரம்: நீலம் போட்ட பழைய வேட்டி ஒன்று கடலாக விரிந்திருக்கும், கரையில் மருந்து பாட்டில் ஒன்று கலங்கரை விளக்கமாக நிற்கும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாதே என்று வந்த புதிதில் கேட்டேன். "இருக்கிற லைன்லல்லாம் நான் போயிட்டேன்டி. இல்லாத லைனதான் போடணும்" என்றார்.

பாதைக்கு இரண்டு முனை இருந்தால் இரண்டு ஆள் வேண்டும். நான் வரும்வரை மச்சியின் வண்டி ஒருநாள்கூட ஓடியதில்லை. காரணம் டோக்கன். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து மோதிவிடக் கூடாது என்பதற்காக ரயில்காரர்கள் டோக்கன் என்று ஓர் இரும்புக் குண்டை டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். குண்டு கையில் இல்லாமல் எந்த வண்டியும் புறப்படக் கூடாது. அடுத்த ஸ்டேஷன்காரர் அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மணி அடித்தால்தான் பாதை மறுபடி திறக்கும். மச்சியின் பாதையில் அந்தக் குண்டுதான் பச்சைக் கோலி. ஒரு சுருக்குப் பையில் போட்டு என்ஜினுக்குப் பின்னால் மாட்டிவிடுவார்.

தினமும் பகல் இரண்டு மணிக்கு நான் மாமல்லபுரத்தில் உட்கார வேண்டும். நிஜத்தில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷன் தெரியாது என்பதால் அறையின் நடுவில் மச்சி சாக்குத் திரை கட்டியிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி, சுவர், நீல வேட்டி, ஒரு சைக்கிள் மணி, நான். ஓட்டம் நடக்கும்போது பேசக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தடவை மணி அடித்தால் வண்டி வரலாமா என்று கேள்வி. நானும் இரண்டு அடித்தால் வரலாம். வந்து சேர்ந்து, கோலியைத் தகர டப்பாவில் போட்டதும் மூன்று அடிக்க வேண்டும். நான்கு மணி வரை இப்படியே போகும், வரும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரைக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "மாபலிபுரம் இன்னா தூங்குதா? பாசஞ்சர் எல்லாம் கொட்டாவி வுட்டுகினு கீறாங்க!" போகப் போக அடுப்படியிலும் எனக்கு அதுதான் பெயர். "மாபலிபுரம், சோறு வெந்துச்சா?" என்பார். சிரிப்பு வரும். சிரித்துவிட்டு உட்கார்ந்தால் மறுபடி அதே சுவர்.

நான் கடப்பாக்கத்துக்காரி. நிஜக் கடலின் இரைச்சலில் பிறந்து வளர்ந்தவள். பினாங்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். நடுவில் அம்மாவைப் பார்த்துவிட்டு வர ஒரு வாரம் போகட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மச்சி, "தம்பி கடுதாசில எழுதட்டும்" என்றார். எழுதிக் கேட்டால், "அக்கா சொல்கிறபடி செய்" என்று பதில் வந்தது. அந்த வீட்டில் என்னை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. என்ன குறை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூச்சை இழுத்தால் பாதி நெஞ்சு வரைதான் போகும். அவ்வளவுதான்.

ஒருநாள் வண்டி பாதி வழியில் இருக்கும்போது வாசலில் என் அண்ணன் குரல் கேட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல், நாலு நாளாக நினைவு தப்பித் தப்பி வருகிறது, உடனே கிளம்பு என்றான். நான் எழுந்துவிட்டேன். திரைக்கு அப்பாலிருந்து மச்சி, "இந்த வண்டி போய்ச் சேரட்டும். அப்பால போ" என்றார். மறுபடி உட்கார்ந்தேன். என்ஜின் திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றது. பையைப் பிரித்துக் கோலியை எடுத்தேன். அண்ணன், "பஸ்ஸு நிக்காதும்மா!" என்று கத்தினான். அப்படியே ஓடினேன்.

மதுராந்தகம் தாண்டியபோது முந்தானை முடிச்சில் ஏதோ உறுத்தியது. ஓடுகிற அவசரத்தில் எப்போது முடிந்தேனோ, அவிழ்த்தால் கோலி. டப்பாவில் போடவில்லை, மூன்று மணியும் அடிக்கவில்லை.

"இன்னாது, கோலியா? ஆடுற வயசா உனுக்கு?" என்றான் அண்ணன்.

"டோக்கன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அம்மா பிழைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஆலம்பரைக் கோட்டைச் சுவர் வரை நடந்து போய் வந்தேன். மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. அண்ணன் ஒருநாள் நாஸ்தா தின்றுகொண்டே சொன்னான்: "மச்சான் வர்ற வரைக்கும் நீ இங்கயே இரு. நான் அவருக்கு எழுதுறேன். தையல் மிஷினு சும்மாதான கீது? தச்சிகினு கெட." எனக்கு வேண்டியதும் அதுதான். உடனே தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் கோலி என்னிடம் இருக்கும்வரை அந்தப் பாதை மூடியிருக்கும். மச்சி விதியை மீறமாட்டார். "அத்த கண்டக்டர் கைல குடுத்து அனுப்பேன். ஒரே பேஜாரு உன்னோட" என்றான் அண்ணன். கோலி மட்டும் போய் என்ன? அது மாமல்லபுரத்து டப்பாவில் விழ வேண்டும். அங்கிருந்து மூன்று மணி அடிக்க ஆள் வேண்டும். போய் வைத்துவிட்டு, என் துணிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்புவது என்று முடிவாயிற்று.

மச்சி கதவைத் திறந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். "அம்மாவுக்கு எப்டி கீது?" என்று மட்டும் கேட்டார். தேவலை என்றேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்தான். சரக்கறைக்குள் போனேன். என் பக்கத்தில், நான் தள்ளிவிட்டு ஓடிய முக்காலி சாய்ந்தபடியே கிடந்தது. என்ஜின் அதே இடத்தில் நின்றது, மேலே தூசி. மச்சி திரையைத் தாண்டவே இல்லை. அவர் பக்கத்துச் சிலேட்டில் அன்று எழுதியது அழியாமல் இருந்தது: வண்டி போய்ச் சேரவில்லை.

"அலமாரில ஒரு டப்பா நெறைய கோலி கீதே மச்சி. ஒண்ண எடுத்து ஓட்டியிருக்கலாமே?"

"அது கோலி. இது டோக்கன். ஒரு வண்டி வழியில நிக்கச்சொல்ல வேற டோக்கன் குடுத்து இன்னொண்ண வுட்டா, மூஞ்சி மூஞ்சியா மோதிக்கும். தெரியாதா உனுக்கு?"

"நம்மகிட்ட ஒரு என்ஜின்தான மச்சி கீது?"

மச்சி சிலேட்டை நேராக நிமிர்த்தி வைத்தார். பிறகு, "அதுக்கு?" என்றார்.

முக்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கோலியை டப்பாவில் போட்டு மூன்று அடித்தேன். என்ஜினை மாமல்லபுரத்தில் அநாதையாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதைச் செங்கல்பட்டில் சேர்த்துவிட்டால் என் வேலை முடிந்தது. தூசியைத் துடைத்து, இரண்டு மணி அடித்துக் கேட்டேன். அந்தப் பக்கம் இரண்டு அடித்தது. கோலியை மாட்டி, சாவி கொடுத்து விட்டேன். திரைக்கு அடியில் நுழைந்து போயிற்று. மூன்று மணி கேட்டது. என்ஜின் மச்சியிடம், கோலி மச்சியிடம். இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எழுந்தேன்.

அப்போது திரைக்கு அப்பால் இரண்டு மணி அடித்தது. வரலாமா என்று.

"கடைசி பஸ்ஸு கெளம்பப் போவுது. வரியா இல்லியா?" என்று வாசலிலிருந்து அண்ணன் கேட்டான். கதவு திறந்துதான் இருந்தது. மச்சி மறுபடி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, இருமக்கூட இல்லை. சாக்கின் நூல் இடைவெளியில் அவருடைய வெள்ளைச் சேலை அசையாமல் தெரிந்தது. கேட்ட ஸ்டேஷனுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அங்கே ஒரு வண்டி முழுக்க ஜனம் காத்துக் கிடக்கும் என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். என் கை போய் இரண்டு அடித்தது.

"இந்த வண்டி போய்ச் சேரட்டும்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், கணவர் திரும்பி வரும்வரை, அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மச்சி மௌத்தாகிப் பல வருஷம் ஆயிற்று. பலகைகள் எங்கே போயின என்று தெரியாது, கோலி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. செங்கல்பட்டுக்கு இப்போது மின்சார ரயில் வருகிறது; மாமல்லபுரத்துக்கு இன்னும் எந்த ரயிலும் இல்லை. அவர் என்னை அடைத்து வைத்தாரா, நானே உட்கார்ந்தேனா என்று கோலியை உருட்டிப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். உள்ளே அந்தக் காற்றுக் குமிழி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அன்று அந்த வண்டி வந்து சேர்ந்து நான் கோலியைக் கையில் எடுத்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை அண்ணன் தனியாகக் கடப்பாக்கம் போனான். பகல் இரண்டு மணிக்கு மணி அடித்தது. நான் இரண்டு அடித்தேன்.